சிட்டா, ஆதார் ஸ்கேன்களுக்கு கேயாஸ் குறியாக்கம் போதுமா?

கேள்வி: மன்னார்குடியில் கணினி மையம் வைத்திருக்கிறேன். குறுவைக் கடனுக்கு வரும் விவசாயிகளின் சிட்டா, அடங்கல், ஆதார் ஸ்கேன்களை, கல்லூரி மாணவர் ஒருவர் எழுதித் தந்த புரோகிராமில் குறியாக்கம் செய்து வைக்கிறேன். லாஜிஸ்டிக் மேப் முறையாம், அதாவது ஒரு சின்னச் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தாறுமாறான எண்களை உண்டாக்கும் கேயாஸ் முறை. என்பிசிஆர் 99.6 சதவீதம், என்ட்ரோபி 7.99 என்று ரிப்போர்ட்டும் கொடுத்தார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். என்பிசிஆர் என்பது எத்தனை சதவீதம் பிக்சல்கள் (படத்தின் புள்ளிகள்) மாறின என்ற கணக்கு; என்ட்ரோபி, பிக்சல் மதிப்புகள் எவ்வளவு சீராகப் பரவியுள்ளன என்ற அளவு, உச்சம் 8. படம் கண்ணுக்குக் குழம்பித் தெரிகிறது என்பதற்கு மேல் அந்த எண்கள் எதையும் சொல்வதில்லை. உடைத்துக் காட்டப்பட்ட முறைகள் பலவும் இதே மார்க் வாங்கியவைதான்.

இவ்வகை புரோகிராம்களில் அடிக்கடி பார்க்கும் ஓட்டை இது: சாவி மாறாதவரை எல்லாப் படத்துக்கும் ஒரே எண்தொடர்தான் வரும், அதைப் பிக்சல்களோடு எக்ஸார் செய்வார்கள் (பிட்டுக்குப் பிட்டு கலக்கும் கணக்கு; அதே எண்ணோடு மறுபடி செய்தால் பழைய மதிப்பு வந்துவிடும்). சிட்டாவில் பெரும்பகுதி வெள்ளைத் தாள், அதாவது பிக்சல் மதிப்பு 255 (0 என்றால் கறுப்பு). குறியாக்கிய மதிப்பு 90 என்றால், 255-உடன் எக்ஸார் செய்தால் 165. அந்த இடத்து ரகசிய எண் அதுதான். அடுத்தவர் ஆதாரில் அதே இடத்துப் பிக்சலும் இதே 165-க்குத் திறந்துவிடும். ஸ்கேனர் தூசியால் மதிப்பு கொஞ்சம் முன்பின் ஆனாலும் எழுத்தைப் படித்துவிடலாம்.

பிக்சல்களை இடம் மாற்றிப் போட்டாலும் பெரிய பாதுகாப்பில்லை. இடமாற்றம் மட்டும் செய்யும் முறையில், 512×512 படத்தில் எந்தப் பிக்சல் எங்கே போகிறது என்பது முழுவதையும் பிடிக்க, தாக்குபவர் தானே தேர்ந்தெடுத்து அதே சாவியில் குறியாக்கிப் பார்க்கும் 3 படங்கள் போதும். அர்னால்ட் கேட் மேப் என்ற பிரபல இடமாற்றச் சூத்திரம் என்றால் 256×256 படம் 192 சுற்றில் தானே பழையபடி ஆகிவிடும்.

சோதிக்க, ஒரே ஸ்கேனை ஒரே சாவியில் இருமுறை குறியாக்குங்கள். இரண்டு கோப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

மாற்று எளிது. கோப்புகளைச் சுருக்கிப் பூட்டும் இலவச மென்பொருளான 7-ஜிப்பில் 7இசட் வடிவம், ஏஇஎஸ்-256 (உலகெங்கும் பயன்படும் தர குறியாக்க முறை), நீளமான கடவுச்சொல். கோப்புப் பெயர்களை மறைக்கும் தேர்வையும் டிக் செய்யுங்கள். மாணவர் திருத்தித் தர முன்வந்தால், பிக்சலை விட்டுக் கோப்பின் பைட்டுகளை ஏஇஎஸ்-256 ஜிசிஎம்மில் (கோப்பை யாராவது மாற்றினாலும் காட்டிக்கொடுக்கும் ஏஇஎஸ் வகை) குறியாக்கச் சொல்லுங்கள். கோப்புக்குக் கோப்பு புதிய 12 பைட் நான்ஸ் (ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் எண்) கட்டாயம். ஒரே சாவியில் அதே நான்ஸ் திரும்ப வந்தால் ஜிசிஎம்மும் இதே போல உடையும். கடவுச்சொல்லிலிருந்து சாவி எடுக்க, ஊகித்துப் பார்ப்பதை மெதுவாக்கும் ஆர்கான்2ஐடி முறை, கூடவே 16 பைட் சால்ட் (கடவுச்சொல்லோடு சேர்க்கும் தற்செயல் எண்).

பழைய முறையில் குறியாக்கி ஏற்கெனவே வெளியே அனுப்பிய கோப்புகளை, திறந்தே அனுப்பியதாகக் கணக்கில் வையுங்கள். அந்த விவசாயிகளிடம் சொல்லி, ஆதார் பயோமெட்ரிக்கை லாக் செய்து வைக்கச் சொல்லுங்கள்.