கொன்றை, ஆவாரை, தகரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சரக்கொன்றை என்று வாங்கி நட்ட மரம் பூத்துவிட்டது. பூ மஞ்சள்தான், ஆனால் சரமாகத் தொங்காமல் கொத்தாக நிமிர்ந்து நிற்கிறது. ஏன்?

பதில்: அது சரக்கொன்றையே அல்ல. ஒரு காலத்தில் கொன்றை, ஆவாரை, தகரை எல்லாமே காசியா என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள செடிகளின் தொகுதியில், இருந்தன. 1982இல் இர்வின், பார்னபி என்ற இரு தாவரவியலாளர்கள் அதைக் காசியா, சென்னா, கமேகிரிஸ்டா என்று மூன்றாகப் பிரித்தார்கள். சரக்கொன்றை காசியாவிலேயே நின்றது. அதன் பூவில் மூன்று மகரந்தத்தாள்கள் மட்டும் நீண்டு, தூண்டில் முள்போல் வளைந்திருக்கும். சென்னாவில் இந்த நீண்ட வளைவு இருக்காது.

உங்கள் மரத்தின் காய் பட்டையாகவும் சிற்றிலையின் நுனி மழுங்கியும் இருந்தால் அது சாலையோரத்து மஞ்சள்கொன்றை (சென்னா சயாமியா), அதை வெட்டாமல் வைத்துக்கொள்ளலாம். காய் உருண்டு நீண்டும், சிற்றிலை நுனி கூர்மையாகவும் இருந்தால் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டுச் செடிகளை அமுக்கிப் பரவுவதால் வனத்துறை அகற்றிவரும் அமெரிக்க மரம் இதுதான். வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். எனவே காய் முற்றும் முன்பே வேரோடு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சரக்கொன்றை விதை முளைக்கவே இல்லை.

பதில்: தோல் கடினம், தண்ணீர் உள்ளே போகாது. உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, இரவு முழுக்க ஊறவையுங்கள். உப்பிய விதைகளை மட்டும் விதையுங்கள்.

கேள்வி: தகரைக்கீரை என்று பறித்து வந்ததில் நாற்றம் அடிக்கிறது. சமைக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் பறித்தது பேயாவிரையாக இருக்கலாம். மழைக்குப் பிறகு குப்பைமேட்டில் இரண்டும் அருகருகே முளைக்கும். தகரையில் சிற்றிலைகள் மூன்று இணை, நுனி அகன்று உருண்டிருக்கும். பேயாவிரையில் நான்கு, ஐந்து இணை, நுனி கூராக இருக்கும். கசக்கினால் கெட்ட வாடை. இதன் விதையைத் தின்ற குழந்தைகளுக்கு மூளை, ஈரல், தசை மூன்றும் பாதிக்கப்பட்டு, மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பலர் இறந்திருக்கிறார்கள். வீட்டைச் சுற்றி இருந்தால் காய்க்கும் முன்பே பிடுங்கிப் போடுங்கள். சந்தேகம் இருக்கும் கீரையை உலையில் போடவே கூடாது என்பதில் நான் பிடிவாதமானவன்.

கேள்வி: ஆவாரம்பூ குடிநீர் குடிக்கிறேன். சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. குடிநீரைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரை அளவு அதிகமாக இறங்கக்கூடும். பறிக்கும்போது செடியையும் சரிபாருங்கள்: ஆவாரையின் இலைக்காம்பு அடியில் காதுமடல் மாதிரி அகன்ற இலையடிச் செதில் இருக்கும், காய் மெல்லிய பட்டையாக இருக்கும்.

கேள்வி: மலச்சிக்கலுக்கு நிலாவரைப் பொடியைத் தினமும் எடுக்கலாமா?

பதில்: இரண்டொரு நாளுக்கு மேல் மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக எடுக்காதீர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஏற்றுமதியாகும் இந்த இலையிலுள்ள சென்னோசைடுகள் என்ற வேதிப்பொருள்கள் குடலைத் தூண்டி வேலை செய்பவை. நீண்ட நாள் எடுத்தால் உடலில் பொட்டாசியம் குறையும்.

கேள்வி: கொன்றை இலையைப் பச்சைப் புழுக்கள் மொட்டையடித்துவிட்டன. என்ன மருந்து?

பதில்: மருந்தே வேண்டாம். அவை பெரும்பாலும் கொன்றை வெள்ளையன் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். வளர்ந்த மரம் மீண்டும் துளிர்த்துவிடும். சிறு கன்றாக இருந்தால் கையால் எடுத்துப் பக்கத்து ஆவாரையில் விடுங்கள்.