பதில்: காட்பாடி கார் ஒர்க்‌ஷாப் தரை பெயர்ந்து தூள் வருகிறது

வணக்கம் சகோ. 3 அங்குலத் தரை, ஜாக் வைக்கும் இடத்தில் குழி, கூட்டக் கூட்டத் தூள், அதன்மேல் இன்னொரு கோட் சிமெண்ட் பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எண்ணெய் குடித்த தரையில் பூச்சு பிடிக்காது, சில மாதத்தில் அப்பளமாய் எழும்பும்.

தூளுக்குக் காரணம் பெரும்பாலும் கலவையில் கூடுதல் தண்ணீர்தான். சத்துவாச்சாரியில் என் ஷெட்டிலும் இதே கதை. தள்ளுவதற்குச் சுலபம் என்று மேஸ்திரி குடம் குடமாக ஊற்றினார், நானும் டீ குடித்துக்கொண்டு பார்த்தேன்! ஈரம் மிதக்கும்போதே வெறும் சிமெண்டைத் தூவித் தேய்த்தாலும் மேல்தோல் உரியும்.

உடைத்துவிட்டு, கிராவல் கொட்டி நன்றாகத் திமிசு போட்டு, 6 அங்குலத்துக்கு எம்30 கான்கிரீட் (வலிமையைக் குறிக்கும் தரம்) போடுங்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்குத் தண்ணீர் 22 லிட்டரைத் தாண்டக் கூடாது, எம்-சாண்டில் உள்ள ஈரமும் இதில் சேர்த்தி. கலவை கெட்டியாக இருந்தால் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் ரசாயனம்) சேருங்கள். மிதக்கும் நீர் வற்றியபின் ஃப்ளோர் ஹார்டனர் (மேற்பரப்பைக் கடினமாக்கும் தூள்) தூவி, பவர் ட்ராவல் (தரையைத் தேய்த்து மழமழப்பாக்கும் இயந்திரம்) ஓட்டுங்கள். கண்டபடி விரிசல் விடாமலிருக்க, மறுநாளே 12 முதல் 14 அடிக்கு ஒரு வெட்டு, ஒன்றரை அங்குல ஆழம்.

நம் ஊர் வெயிலுக்கு மாலையில் போடுவது நல்லது. பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிற்கட்டும். எபாக்சி (பிசின் பூச்சு) அடிப்பதென்றால் 28 நாள் பொறுங்கள்.

அப்புறம், டூ போஸ்ட் லிஃப்ட் (இரண்டு தூணில் காரைத் தூக்கும் கருவி) வாங்கும் எண்ணமிருந்தால் அதன் கையேட்டை இப்போதே பாருங்கள். தூண் நிற்கும் இடத்தில் எத்தனை அங்குலத் தடிமன் கேட்கிறதோ அதைப் போடும்போதே கொடுத்துவிடலாம்.