பேரப்பிள்ளைகள் கையில் குருத்தோலை

கேள்வி: திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரில் தவக்கால வெள்ளி என்றால் தெருவே சிலுவைப்பாதைக்குக் கூடிவிடும். கணவர் இறந்தபின் பெங்களூரில் மகன் வீட்டோடு இருக்கிறேன். பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. எல்லோரும் இங்கிலீஷ் பூசைக்குத்தான் போகிறார்கள். எனக்கு 66 வயது, சர்க்கரை இருக்கிறது என்று பெரிய வெள்ளி ஒருசந்தி நோன்புக்குக்கூட மகன் விடமாட்டேன் என்கிறான். இந்த ஈஸ்டரை நான் எப்படிக் கொண்டாடுவது?
- ஒரு பாட்டி, பெங்களூரு

பதில்: அம்மா, ஒருசந்தியை முதலில் பேசிவிடுவோம், வீட்டில் மனத்தாங்கல் அதில்தான் வருகிறது. திருச்சபைச் சட்டப்படி 59 வயது நிறைந்தவர்களுக்கு ஒருசந்தி கடமையே இல்லை. அதனால் மகன் சொல்வதைக் கேளுங்கள், வேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போடுங்கள். கறி இல்லாமல் சுத்தபோசனமாக இருந்தாலே போதும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் வாசிக்க வரவில்லையே என்று வருந்தாதீர்கள், கைக்கு ஒரு வேலை கொடுங்கள். குருத்து ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மந்திரித்த ஓலையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் மதியத்துக்குள் விறைத்துப்போய் மடிக்கும்போது கிழியும். நரம்பை உரித்து, நீளமான கீற்றாகக் கிழித்து, குறுக்கே ஒரு மடிப்பு, மேலே ஒரு சுற்று, நுனியைப் பின்னால் செருகினால் சிலுவை. முதல் இரண்டு மூன்று கோணலாகத்தான் வரும், வரட்டும், அதையே சாமி படத்துக்குப் பின்னால் செருகச் சொல்லுங்கள். அடுத்த வருடம் திருநீற்றுப் புதனுக்கு முன்னால் அதைக் கோயிலில் கொடுத்தால் எரித்துச் சாம்பலாக்கி நெற்றியில் பூசுவார்கள் என்றும் சொல்லிவிடுங்கள். தான் மடித்த சிலுவை தன் நெற்றிக்கே வரப்போகிறது என்று தெரிந்த பிள்ளை அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

உங்களுக்கென்று தமிழ்ப் பூசையும் வேண்டும், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் தமிழ்ப் பூசை உண்டு, புனித வார நேரங்களை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்காவது பேரனைத் துணைக்கு அழைத்துப் போங்கள், அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பாஷை வேண்டாம். உங்கள் பகுதியில் தமிழ் அன்பியம் (அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் சிறு குழு) இருக்கிறதா என்றும் அங்கேயே விசாரியுங்கள். வீடு வீடாகக் கூடிச் செபம் சொல்லும் பெண்கள் கிடைத்துவிட்டால் பாதித் தனிமை போய்விடும்.

அப்புறம் பக்கத்து வீடு. பங்குனியில் யுகாதிக்குக் கன்னடக்காரர்கள் வேப்பம்பூவும் வெல்லமும் கொடுப்பார்கள், ஒப்பட்டும் (நம் போளி) வரும். தவக்காலமாக இருந்தாலும் ஒப்பட்டில் கறி இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம் (உங்கள் சர்க்கரைக்கு ஒரு துண்டு போதும்). ஈஸ்டர் அன்று நீங்கள் செய்யும் பலகாரத்தைப் பேத்தி கையில் கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸ் மாதிரி ஈஸ்டருக்கு ஏன் ஒரே தேதி இல்லை என்று பேரன் கேட்கிறான்.
- ஒரு வாசகர், விவேக்நகர்

பதில்: ஈஸ்டர் திருச்சபையின் நிலாக் கணக்கில் வருவது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால்தான் 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் ஏப்ரல் 5. எந்த வருடமானாலும் மார்ச் 22-க்கு முன்னால் வராது, ஏப்ரல் 25-ஐத் தாண்டாது.