மீதியைப் பிடிங்க, தசமம் தானா மாட்டும்

கேள்வி: அண்ணா, பைத்தான் கத்துக்க ஆரம்பிச்சு மூணு வாரம் ஆகுது. ஒரு பின்னத்தோட தசமத்துல எந்த இலக்கங்கள் திரும்பத் திரும்ப வருதுன்னு கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். வகுத்து வர்ற விடையை ஸ்ட்ரிங்கா, அதாவது வெறும் எழுத்து வரிசையா மாத்தி, ஒரே இலக்க வரிசை ரெண்டு தடவை வருதான்னு தேடுறேன். 1/7-க்கு 142857-ன்னு சரியா வருது, ஆனா 1/19-க்கு திரும்பவே இல்லங்குது. எங்க தப்பு?

பதில்: தம்பி, தேடுற விதம் தப்பில்ல, தேடுற இடம்தான் தப்பு. சாதாரணமா வகுத்தா கம்ப்யூட்டர் கையில இருக்கறது 16, 17 இலக்கம்தான், ஆனா 1/19-ஓட சுற்று, அதாவது திரும்பத் திரும்ப வர்ற இலக்கங்கள், 052631578947368421, மொத்தம் 18 இலக்கம், ஒரு சுற்றே முடியலன்னா ரெண்டாவது சுற்றை எங்க போய் தேடுறது! போதாததுக்கு கடைசி இலக்கத்தை அது ரவுண்டு பண்ணிடும், 5/6 போட்டுப் பாருங்க, 3333-ன்னு போயிட்டு கடைசியில 4-ல முடியும், அந்த 4 நிஜமே இல்ல.

அதனால விடையை விட்டுடுங்க, பள்ளிக்கூடத்துல நோட்டுல போட்ட நீள் வகுத்தலையே புரோகிராமா எழுதுங்க. மீதியை 10-ஆல பெருக்கு, அதுக்கும் பகுதிக்கும் நடுவுல // போட்டா அடுத்த இலக்கம், % போட்டா புது மீதி, அவ்ளோதான். ஒவ்வொரு மீதியும் எத்தனாவது இடத்துல வந்துச்சுன்னு, ஒண்ணுக்கு நேரா இன்னொண்ணை குறிச்சு வைக்கிற பட்டியலான ஒரு டிக்‌ஷனரில போட்டுட்டே வாங்க, ஏற்கனவே பாத்த மீதி மறுபடி வந்தா அங்கிருந்துதான் சுற்று.

1/12-ஐ பாருங்க. முதல் மீதி 1, இடம் 0. பத்தால பெருக்கினா 10, இலக்கம் 0, மீதி 10, இடம் 1. அப்புறம் 100, இலக்கம் 8, மீதி 4, இடம் 2. அப்புறம் 40, இலக்கம் 3, மீதி திரும்பவும் 4! அந்த 4 ஏற்கனவே இடம் 2-ல இருக்கு, ஆக முன்னாடி இருக்கற 08 திரும்பாது, 3 மட்டும் திரும்பிட்டே இருக்கும்.

இங்க நிறைய பேர் மீதிக்கு பதிலா இலக்கத்தை டிக்‌ஷனரில போட்டு மாட்டிக்கிறாங்க. 1/17-ல 0588-ன்னு ரெண்டு 8 அடுத்தடுத்து வரும், உடனே சுற்று முடிஞ்சுதுன்னு நினைச்சுடக்கூடாது, முதல் 8-க்கு அப்புறம் மீதி 14, ரெண்டாவது 8-க்கு அப்புறம் 4, அது முழுசா சுத்த 16 இலக்கம் ஆகும்.

கேள்வி: அப்ப லூப் முடியாமலே ஓடாதா?

பதில்: ஓடாது, பயப்படாதீங்க. 19-ஆல வகுத்தா மீதி 0-லேர்ந்து 18 வரைக்கும்தான் வர முடியும். 0 வந்தா தசமம் அங்கயே நின்னுடும், 1/8 = 0.125 மாதிரி (சுருக்கின பின்னத்தோட பகுதியில 2, 5 தவிர வேற பகா எண் இல்லன்னா எப்பவும் நிக்கும், அதனால லூப்ல 0-க்கு தனியா ஒரு செக் வைங்க). 0 வரலன்னா மிச்சம் 18 மீதிதான், அதுக்குள்ள ஏதாவது ஒண்ணு திரும்பியே ஆகணும். புரோகிராம் ரெடியானதும் 1000-க்குள்ள எந்த பகுதிக்கு நீளமான சுற்றுன்னு ஓட்டிப் பாருங்க, 983 வரணும், நீளம் 982.

அப்புறம் மீதிகளையும் ஒரு தடவை பிரிண்ட் பண்ணுங்க, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அதுதான். 1/7-க்கு 1, 3, 2, 6, 4, 5-ன்னு வரும். 3/7 அதே வட்டத்துக்குள்ள 3-ங்கற இடத்துல நுழையுது, அதான் 428571. ஆனா 13-க்கு ஒரே வட்டம் போதாது, 1/13-க்கு 076923, 2/13-க்கு 153846. மீதி மூணுல ஆரம்பிச்சா, அதாவது 3/13, எந்த வட்டத்துல விழும்னு ஓட்டிப் பாத்துட்டு எழுதுங்க.