புரோபயாடிக் தொடங்கினால் மெசலசினை நிறுத்தலாமா?

வணக்கம். பெருங்குடல் புண் அழற்சிக்கு மெசலசின் என்ற அழற்சி தணிக்கும் மருந்தை எடுத்துவரும் நீங்கள், புரோபயாடிக் (நன்மை தரும் உயிருள்ள பாக்டீரியா) தொடங்கிவிட்டால் அதை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம்.

குடல் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்யும்போது உருவாகும் பியூட்டிரேட், பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருளாக இருப்பதோடு, அச்செல்களுக்கு இடையிலான இணைப்புகளை இறுக்கி, அழற்சியை அடக்கும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் பெருகவும் துணைசெய்கிறது. ஆனால் அதை மிகுதியாக உண்டாக்கும் ஃபீகலிபாக்டீரியம் என்ற பாக்டீரியா ஆக்சிஜன் பட்டாலே மடிந்துவிடும். வழக்கமான புரோபயாடிக் மாத்திரைகளில் உள்ள லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவோ பெரும்பாலும் லாக்டிக் அமிலத்தைத்தான் தருகிறது. விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

1917இல் ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரெட் நிஸ்லே ஒரு போர்வீரரின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த ஈ. கோலை பாக்டீரியா வகை, நோய் தணிந்த நிலையைத் தக்கவைப்பதில் மெசலசினுக்கு ஏறத்தாழ நிகராகச் செயல்பட்டது உண்மையே. அதையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டே தொடங்குங்கள்; நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தும் எடுப்பவரானால் உயிருள்ள பாக்டீரியாவே தொற்றாக மாறக்கூடும்.