அண்ணாச்சியிடம் எழுத்தில் கேட்பது எப்படி?

கேள்வி: எனக்கு ஊர் முக்கூடல் பக்கம். வயது 23, பி.காம். முடித்திருக்கிறேன். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வீட்டு உபயோகப் பொருள்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. மொத்தம் 22 பேர் வேலை பார்க்கிறோம். சம்பளம் 13,500 ரூபாய், வங்கியில் போடுகிறார்கள். ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்று வாயால் சொன்னதோடு சரி, கடிதம் எதுவும் தரவில்லை. அசல் சான்றிதழ்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிரிவில் 19 ஆண்டுகளாக இருக்கும் அண்ணாச்சி எனக்கு எதையும் சொல்லித் தருவதில்லை. கேட்டால், "காலேஜில் இதெல்லாம் சொல்லித் தரவில்லையா?" என்கிறார். போன மாதம் சப்ளையர் கொடுத்த ஒரு கிரெடிட் நோட்டை (கழிவுத் தொகைச் சீட்டு) இரண்டு முறை பதிந்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். சென்ற வாரம் ஒரு பில்லின் தேதியை மாற்றச் சொன்னார், மாற்றினேன். முதலாளி கேட்டபோது, "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றுவிட்டார். எனக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்த இரண்டு பெண்களும் ஆறு மாதத்துக்குள் போய்விட்டார்களாம். அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றுகிறார். முதலாளியிடம் புகார் சொல்லலாமா? அவர்கள் அனுப்புவதற்கு முன்பு நானே நின்றுவிடலாமா?

பதில்: நிற்க வேண்டாம். புகாரும் இப்போது வேண்டாம். ஆனால், அந்தப் பில் விஷயத்தை அப்படியே விட்டுவிடவும் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

அண்ணாச்சியோடு உள்ள மனக்கசப்பு ஒன்று. வேலை போய்விடுமோ என்ற பயம் இன்னொன்று. உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. அவர் முகம் சுளித்தாலே வேலை போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். சம்பளம் போடுகிறவர் முதலாளி. அவர் இதுவரை உங்களைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. பில் தேதி பற்றிக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். முன்னால் போன இரண்டு பெண்களும் அண்ணாச்சியால்தான் போனார்கள் என்பதும் உங்கள் ஊகம். சம்பளம் போதாமல் போயிருக்கலாம், கல்யாணம் ஆகியிருக்கலாம், கடைசி பஸ் கிடைக்காமல் போயிருக்கலாம். அவர்களில் ஒருவருடைய தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். பத்து நிமிடப் பேச்சு பத்து நாள் தூக்கத்தைத் திருப்பித் தரும்.

அண்ணாச்சி ஏன் சொல்லித் தர மறுக்கிறார்? அவரைக் கெட்டவர் என்று முடிவு கட்டுவதற்கு முன், அவர் நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறி, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது எல்லாவற்றையும் புதிதாகக் கற்று, எந்தக் கம்பெனி எந்த மாதம் எவ்வளவு தள்ளுபடி தரும் என்பதை மனப்பாடமாக வைத்திருக்கிற மனிதராக இருப்பார். அந்த மனப்பாடம்தான் அவருடைய சேமிப்பு. பக்கத்தில் குறைந்த சம்பளத்துக்கு ஒரு பட்டதாரிப் பெண் வந்து உட்கார்ந்தால், சொல்லித் தருகிற ஒவ்வொன்றும் தன் கைக்காசு கரைவது போலத்தான் அவருக்கு இருக்கும். வேலை போகுமோ என்ற பயம் அந்த அறையில் உங்களுக்கு மட்டும் இல்லை.

என் கதையும் இதுதான். ஒரு பஞ்சாலையின் நேரக்கணக்கு அலுவலகத்தில் 22 வயதில் சேர்ந்தேன். ஓவர்டைம் கணக்கைச் சீனியர் சொல்லித் தரவில்லை. மூன்றாவது வாரமே மேலாளரிடம் போய்ப் புகார் சொன்னேன். அவர் சீனியரை என் எதிரிலேயே கூப்பிட்டு விசாரித்தார். "தம்பிக்குத் தாராளமாகச் சொல்லித் தருகிறேன் சார்" என்றார் அவர். அதன் பிறகு எட்டு மாதம், மிக மரியாதையாக, எதுவுமே சொல்லித் தரவில்லை! போனஸ் பட்டியல் போடும் நாள்களில் இரவு பத்து மணி வரை அவரோடு உட்கார்ந்து கூட்டல் சரிபார்த்தபோதுதான் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தார். நண்பர்களாகிவிட்டோம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். வேலை நடந்தது.

நம் பக்கத்துக் கடைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மேலே இருப்பவர் அண்ணாச்சி, பில் போடுகிறவர் அக்கா, குடோனில் இருப்பவர் மாமா. வாய் நிறைய உறவு. அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்ட ஒருவரிடம், "நீங்கள் சொன்னதை எழுதித் தாருங்கள்" என்று கேட்க நாக்கு எழாது. கேட்டால் அவமதிப்பு, கேட்காவிட்டால் பழி நம் தலையில். பெரும்பாலான அலுவலகச் சண்டைகள் இங்கே இந்த இடத்தில்தான் புழுங்குகின்றன.

வழி இருக்கிறது. அவரை எழுதச் சொல்ல வேண்டாம், நீங்கள் எழுதுங்கள். அவர் வாயால் ஒன்றைச் சொன்னதும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி அந்த பில்லை 11-ஆம் தேதியில் போட்டுவிடுகிறேன். சரிதானே?" கேட்பது பணிவு, கிடைப்பது பதிவு. அவர் பதில் போடாவிட்டாலும் நீங்கள் கேட்ட நேரமும் நாளும் அதில் இருக்கும். தவறான காரியமாக இருந்தால், அதை எழுத்தில் பார்த்ததும் பெரும்பாலும் அவரே "வேண்டாம், விட்டுவிடு" என்பார்.

ஆனால், நடந்து முடிந்த பில் விஷயம் வேறு. கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அது ஒன்றுதான். கிரெடிட் நோட்டை இரண்டு முறை பதிந்தது பிழை, புதியவர்கள் எல்லோரும் செய்கிற பிழை. சப்ளையரிடம் கணக்கு அறிக்கை வாங்கி ஒப்பிட்டால் வெளியே வந்துவிடும். பில்லின் தேதியை மாற்றுவது அப்படி இல்லை. எந்த மாதத்து வரிக்கணக்கில் அது சேர வேண்டும் என்பதையே மாற்றிவிடும். மாற்றியது உங்கள் பெயரில் திறந்த டேலி கணக்கு மென்பொருளில் என்றால், பதிவும் உங்கள் பெயரில்தான் நிற்கும். உங்கள் நிறுவனம் பிரைவேட் லிமிடெட்டாக இருந்தால், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற பதிவைக் காட்டும் கணக்கு மென்பொருளைத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் பயன்படுத்த வேண்டும். அந்த வசதியை அணைத்து வைக்கவும் கூடாது. உங்கள் கடவுச்சொல் வேறு யாருக்காவது தெரியுமானால் இன்றே மாற்றுங்கள். உங்கள் பெயரில் தனி நுழைவே இல்லை, எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால், தனியாக ஒன்று கேளுங்கள். "யார் செய்த பிழை என்று எனக்கே தெரிய வேண்டும் சார்" என்று காரணம் சொன்னால் யாரும் குறை சொல்ல முடியாது.

முதலாளியைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் நாள் பார்த்து. மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நிறுவனத்தில் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20-ஆம் தேதிக்குள் வரி. இடைப்பட்ட நாள்களில் கணக்குப் பிரிவிலிருந்து யார் போய் நின்றாலும் முதலாளிக்கு வயிற்றைக் கலக்கும். 21-ஆம் தேதிக்குப் பிறகு, கடை திறந்த முதல் அரைமணி நேரத்தில் போங்கள். அண்ணாச்சியைப் பற்றிப் பேசாதீர்கள். "சார், அந்த பில் தேதியை மாற்றியது நான்தான். மாற்றச் சொன்னதாகப் புரிந்துகொண்டேன். இனிமேல் தேதியையோ தொகையையோ திருத்துவதென்றால் யாருடைய ஒப்புதல் வாங்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்." இவ்வளவு போதும். ஆளைக் குற்றம் சொன்னால் 19 ஆண்டு விசுவாசத்தையும் நான்கு மாதத்தையும் அவர் தராசில் வைப்பார். தட்டு எந்தப் பக்கம் இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். முறை கேட்டால் தராசுக்கே வேலை இல்லை. அதே மூச்சில், "ஆறு மாதம் முடிவதற்குள் நான் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்?" என்றும் கேளுங்கள். தீபாவளிச் சரக்கு இறங்குகிற நேரத்தில், பாதி பழகிய கணக்காளரை அனுப்பிவிட்டுப் புதிய ஆள் தேட எந்த முதலாளியும் விரும்பமாட்டார். கேட்பதற்கு இதுதான் நேரம். தீபாவளி முடிந்த வாரத்தில் இதே கேள்விக்கு இதே பதில் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 41: ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், அல்லது அதற்கு ஈடான சம்பளம். ஒழுங்கீனக் குற்றச்சாட்டு என்றால் விசாரணை நடத்தி நிரூபிக்க வேண்டும். மீறினால் மேல்முறையீடு உண்டு. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பல கடைகளில் தகுதிகாண் காலம் சரியாக ஆறு மாதத்தில் வந்து நிற்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

கடிதம் இல்லையே, எந்த நாளில் சேர்ந்தேன் என்று எப்படிக் காட்டுவது என்று கேட்பீர்கள். வங்கிக் கணக்கில் வந்த முதல் சம்பளம் ஒரு சாட்சி. வைப்பு நிதிப் பாஸ்புக் இன்னொன்று. 22 பேர் உள்ள நிறுவனத்துக்கு வருங்கால வைப்பு நிதியும் பொருந்தும், இஎஸ்ஐயும் பொருந்தும். சம்பளத்தில் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தமே இல்லையென்றால் அதுவும் ஒரு செய்திதான். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. நீங்களாக விட்டாலும் அவர்களாக நீக்கினாலும், பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலைநாள்களுக்குள் தர வேண்டும் என்கின்றன. வழக்கு என்று வந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். அதுவரை போகாது என்றே நினைக்கிறேன்.

ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். அண்ணாச்சியின் சத்தத்தில் "நீ எந்தத் தெரு?" என்கிற வகைப் பேச்சு இருக்கிறதா? பெண் என்பதால் வேறு மாதிரி வார்த்தை, தொடுதல் இருக்கிறதா? இருந்தால் மேலே சொன்ன பொறுமை எல்லாம் ரத்து. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதை வேலைச் சண்டைக் கணக்கில் சேர்த்து விழுங்கக் கூடாது. பாலியல் தொல்லைக்கு, பத்துப் பேருக்கு மேல் உள்ள உங்கள் நிறுவனத்திலேயே உள் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேலை போகலாம். குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. தாமிரபரணியில் வெள்ளம் வருகிறது என்றால் யாரும் கோயிலைத் தூக்கப் பார்ப்பதில்லை. உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள். நீங்களும் எடுக்க முடிந்ததை முன்பே எடுத்து வையுங்கள். மாதம் இரண்டாயிரமோ மூவாயிரமோ, அம்மாவிடம் கூடச் சொல்லாமல் தனிக் கணக்கில். வாரம் ஒரு விண்ணப்பம், வேறு வேலைக்கு. இங்கே கற்றதை ஒரு நோட்டில் எழுதுங்கள்: சப்ளையர்கள் காட்டிய பில்களை ஜிஎஸ்டி தளம் பட்டியலிடும் 2பி அறிக்கையோடு கொள்முதலை ஒப்பிடும் முறை, சரக்கு அனுப்ப இ-வே பில் போடும் முறை. முறை உங்களுடையது. வாடிக்கையாளர் பட்டியலும் விலைப்பட்டியலும் நிறுவனத்துடையது, அவற்றைத் தொடாதீர்கள்.

அசல் சான்றிதழ்களை இன்னும் அங்கேதானே வைத்திருக்கிறார்கள்? அதை முதலில் பாருங்கள். "வங்கியில் கடனுக்குக் கேட்கிறார்கள்" என்று பொய் சொல்ல வேண்டாம், பிறகு மாட்டிக்கொள்வீர்கள். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு விண்ணப்பியுங்கள், பி.காம்.காரருக்கு அது எப்படியும் நல்லதுதான். சான்றிதழ்களை ஸ்கேன் செய்ய வேண்டும் என்று உண்மையைச் சொல்லி வாங்கி வாருங்கள். திருப்பிக் கேட்டால் நகலைக் கொடுங்கள். அசல்தான் வேண்டும் என்றால், என்னென்ன வாங்கினோம், எந்தத் தேதியில் வாங்கினோம் என்று நிறுவன முத்திரையோடு ஒரு சீட்டு கேளுங்கள். அந்தச் சீட்டில் நீங்கள் சேர்ந்த தேதியையும் எழுதச் சொல்லுங்கள்.