கேளுங்கள், சொல்கிறேன்: கத்திரி வெயில் கேள்விகள்

கேள்வி: லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடன்குடி பக்கத்தில் மாமியார் ஊருக்கு வந்திருக்கிறேன். மதியம் இரண்டு மணியானால் 'போரடிக்குது' என்று ஒரே நச்சரிப்பு. டவரும் கிடைப்பதில்லை. என்ன செய்வது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: ஒன்றும் செய்யாதீர்கள். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான். அந்த நேரத்துக்கு ஊர் நாய்கூட வாய்க்கால் ஈரத்தில் பள்ளம் பறித்துப் படுத்துவிடும். எங்கள் ஆச்சி வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, பாய்கூட விரிக்காமல் வரிசையாகப் படுத்துவிடுவோம். முதுகுக்குக் கீழே சிமெண்ட் சூடானதும் புரண்டு பக்கத்தில் சில்லென்று இருக்கும் இடத்துக்கு நகர வேண்டும். இப்படியே நகர்ந்து, சுவரோரம் படுத்தவன் எழும்போது வாசற்படியில் கிடப்பான். நாங்கள் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு பெரியவர்கள் கண்ணை மூடியபடியே பாகப்பிரிவினை பேசுவார்கள். எங்கள் குடும்பத்து ரகசியங்களில் பாதி எனக்கு அப்படித் தெரிந்தவைதான்.

நாலு மணிக்கு மேல்தான் வேலையே. கண் தோண்டி எடுத்த நுங்குக் கூந்தல் (அதாவது காலிக் கூடு) இரண்டை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, நடுவில் கவட்டைக் கம்பைக் கொடுத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள், செய்து கொடுப்பார். ஆனால் ஓட்டிக் காட்டுகிறேன் என்று தெருமுனை வரை போனவர் வண்டியைத் திருப்பித் தருவதற்கு நான் பொறுப்பில்லை.

அப்புறம், பனங்காட்டு ஊரில் இருந்துகொண்டு பதநீரை விட்டுவிடாதீர்கள். காலையிலேயே எழுந்து போய், ஓலைப் பட்டையில் வாங்கி, அதிலேயே இரண்டு நுங்கையும் போட்டுக் குடிக்க வேண்டும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதால்தான் அது புளிக்காமல் பதநீராக இருக்கிறது, தடவாவிட்டால் கள்ளாகிவிடும்.

கேள்வி: சாலையோரம் நுங்கு வாங்கினால் பாதி கல் மாதிரி இருக்கிறதே? (வாசகர், திண்டிவனம்)

பதில்: சீவும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய் முகத்தில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், அதுதான் இளநுங்கு. விரல் எதிர்த்து நின்றால் முற்றிய கடுக்காய், ஆசைக்குத் தின்றால் ராத்திரி வயிறு பதில் சொல்லும். தோலோடு பொட்டலம் கட்டித் தரச் சொல்லுங்கள், உரித்தது சீக்கிரம் கெட்டுவிடும்.

கேள்வி: ஓய்வெடுக்கலாம் என்று ஊருக்கு வந்தால், விடியற்காலை நாலு மணிக்கே எழுப்பி வற்றலுக்குக் கூழ் கிளற விடுகிறார் என் அத்தை. வெயிலை வீணாக்கக் கூடாதாம்! (வாசகி, பெங்களூர்)

பதில்: அத்தை பக்கம்தான் நான். வெயில் ஏறுவதற்குள் நனைத்த வேட்டியில் ஊற்றி முடித்தால்தான் சாயங்காலத்துக்குள் காயும். காய்ந்த வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒரு நிமிஷம் விட்டால் வற்றல் தானாக உரிந்து வரும், இழுத்துப் பிய்ப்பவர்களுக்குத் திட்டு நிச்சயம். காக்கை விரட்ட, மேலே கோவைக்காரர் சொன்ன அந்தப் போரடிக்கும் பிள்ளைகளைப் போல இரண்டு பேரை உட்கார வையுங்கள். பாதி காய்ந்த வற்றலை அவர்களே தின்று தீர்ப்பார்கள். அந்த ருசி பொரித்த வற்றலுக்குக் கிடையாது.

கேள்வி: அக்னி நட்சத்திரம் முடிந்தால் வெயில் குறைந்துவிடுமா? (வாசகர், திருத்தணி)

பதில்: மே 4 முதல் 28 வாக்கில் என்பது பஞ்சாங்கக் கணக்கு. வெயில் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்தது 2003 மே 31 அன்று, அதாவது கத்திரி முடிந்த பிறகு. சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வருவதோ ஏப்ரல் 24, 25 வாக்கிலேயே முடிந்துவிடும். கடற்கரை ஊர்களில் கடல்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்பதில்தான் அன்றைய பிழைப்பு இருக்கிறது. திருத்தணிக்கு அது வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும், என்ன செய்ய.

கேள்வி: ஊரில் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. அதே மாதிரி ஒன்று வாங்கி சென்னையில் வைத்தால் சுமாராகத்தான் இருக்கிறது. ஏன்? (வாசகர், பெரம்பூர்)

பதில்: பானையின் நுண்துளை வழியாகக் கசிகிற தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் ஆவியாவது குறைவு. அடியில் ஈர மணல் போட்டு, காற்று படும் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். வெளியே பூப்போட்டு பெயிண்ட் அடித்த அழகுப் பானை என்றால் சிரமப்பட வேண்டாம், துளையெல்லாம் அடைத்திருக்கும். அதில் அரிசி போட்டு வையுங்கள்.